வேப்பிலை இல்லாத கதவு

நாளைக் காலையில் கையை விட்டுப் போகப்போகிற வீட்டின் கதவுக் கீலுக்கு யாராவது எண்ணெய் விடுவார்களா?

அஞ்சலை விட்டுக்கொண்டிருந்தாள். தையல் மெஷினுக்கு விடுகிற அதே எண்ணெய், மூக்கு நீண்ட அதே டப்பா.

"யக்கா, நாளைக்கு கோர்ட் அமீனா போலீசோட வந்து உன்னை வெளியேத்தப் போறாரு. நீ இன்னான்னா கதவு சத்தம் போடாம தொறக்கணும்னு எண்ணெய் உட்டுனுகீறே. அவருக்கு அம்மாம் மரியாதையா?"

கேட்டவன் தேவா. முன்னாள் ஷேர் ஆட்டோ டிரைவர். இன்றைய தேதிக்கு 'சௌம்யா துப்பறியும் நிறுவன'த்தின் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர், சம்பள உயர்வு கேட்டுப் போராடும் தொழிற்சங்கம், எல்லாம் அவன் ஒருவனே.

"அவருக்கு எதுக்குடா? எனக்குத்தான். இந்தக் கதவைச் சாவுற வரைக்கும் நான்தான் தொறந்து மூடப் போறேன்," என்றாள் அஞ்சலை. டப்பாவை அடுத்த கீலுக்கு நகர்த்தினாள்.

சௌம்யா சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். ஒரு காலத்தில் வக்கீல். வாதாடுவதைவிடத் தோண்டுவதுதான் தனக்கு வருகிறது என்று தெரிந்த நாளில் கறுப்புக் கவுனை ஆணியில் மாட்டிவிட்டு வந்தவள்.

ஆவடி முத்தாபுதுப்பேட்டையில், ராணுவ உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட காலனி அது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள். ஒரே கான்ட்ராக்டர், ஒரே தச்சர், எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சை. தொழிற்சாலைப் பழக்கம் விடவில்லை. சரக்குப் பெட்டியில் அடிப்பதுபோல ஒவ்வொரு கதவின் நட்ட நடுவிலும் தகட்டை வைத்து வெள்ளை பெயின்டில் வீட்டு எண்ணை அடித்திருந்தார்கள்.

"மேடம், எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல," என்றான் தேவா. "அந்த ஹேமநாதன் காட்டுற வீடு விக்கிற ஒப்பந்தத்துல இருக்கறது யக்கா கையெழுத்தே இல்ல. கொழந்தைக்குக் கூடத் தெரியும். அப்பறம் எப்படி கோர்ட் அவன் பக்கம் சொல்லுச்சு?"

"கோர்ட் அவன் சொன்னதை மட்டும்தான் கேட்டுச்சு. வேற யாரும் வரலையே. வழக்குப் போட்ட ஹேமநாதன் வாதி. அஞ்சலையம்மா பிரதிவாதி. பிரதிவாதிக்கு 'உன் மேல கேஸ் இருக்கு, இந்தத் தேதிக்கு வா'ன்னு கோர்ட் அனுப்புற கடுதாசி சம்மன். சம்மன் போய்ச் சேர்ந்தும் ஆள் வரலைன்னா, வந்தவன் சொன்னதை வெச்சுத் தீர்ப்பு எழுதிடுவாங்க. அதுக்குப் பேரு எக்ஸ்பார்ட்டி. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு."

"ஓ! எதிர் டீம் கிரவுண்டுக்கு வரலன்னு கப்பைத் தூக்கிக் குடுக்கறா மாரி."

"அதேதான். ஆனா எதிர் டீமுக்கு மேட்ச் இருக்கறதே தெரியாது."

அஞ்சலை டப்பாவைக் கீழே வைத்தாள். "போன வாரம் அமீனா வந்து 'வீட்டோட சுவாதீனத்தை ஒப்படைக்கணும்'னு பேப்பர் காட்டுறப்பதான் எனக்குக் கேஸே தெரியும். முப்பது வருசம் ஊசியில கை குத்திக் குத்திக் கட்டின வீடு. சுவாதீனமாம்! என் வீட்டை ஒருத்தன் கிட்ட ஒப்படைக்க அப்படி ஒரு அழகான வார்த்தை."

அன்றே வக்கீல் கவிப்பிரியா மனுப் போட்டுவிட்டாள். தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும், அதுவரை வீட்டைக் காலி செய்யத் தடை வேண்டும். நேற்று விசாரணை. சம்மன் வரவே இல்லை என்று கவிப்பிரியா சொல்ல, ஹேமநாதனின் வக்கீல் ஒரு போட்டோவை நீட்டினார். பச்சைக் கதவு, கதவில் பூட்டு, நடுவில் ஒட்டிய சம்மன். வீடு பூட்டியிருந்தால் கதவில் ஒட்டலாம், அதுவும் சம்மன் சேர்ந்ததாகவே கணக்கு. சட்டம் அப்படி.

இன்று மதியம் இடைவேளைக்குப் பிறகு உத்தரவு. போட்டோவை உடைக்க எதுவும் கிடைக்காவிட்டால் நாளைக் காலை அஞ்சலை தெருவில்.

சௌம்யா தன் போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினாள். தேவா தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மேடம், நான் ஆட்டோ ஓட்டறப்போ டிராபிக் போலீஸ் எங்களை போட்டோ எடுப்பாரு. மொதல்ல நம்பர் பிளேட்டு. மூஞ்சி அப்பால."

"அதுக்கு?"

"இதுல பாரு. கதவு எவ்ளோ பெருசு. மேல எடம் கீது, கீழ எடம் கீது. நம்பர் மேலயே கொண்டாந்து பேப்பரை அப்பி வெச்சுக்கீறான். ஊட்டைக் காட்டத்தானே போட்டோ? நம்பரை எதுக்கு மறைக்கணும்?"

சௌம்யா நிமிர்ந்தாள். "நம்பர் பிளேட்டை யாருடா மறைப்பான்?"

"திருட்டு வண்டி ஓட்டறவன்."

"உனக்கு இந்த மாசம் சம்பளம் உண்டு."

"போன மாசத்துது?"

அதற்குள் அஞ்சலை போனை வாங்கிப் பார்த்துவிட்டாள். "ஒட்டின தேதி என்னன்னு போட்டிருக்கு? போன வருசம் சித்திரைதானே? அப்பன்னா இது என் கதவே இல்லம்மா. அப்போ என் பொண்ணு ஸ்வாதிக்கு அம்மா வந்திருந்தா."

"அம்மை?"

"ஆமா. நெலைவாசல் பூரா வேப்பிலை தொங்குச்சு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டுல எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போறவ. மத்த நாள்ல பகல்ல வீடு பூட்டித்தான் கெடக்கும். ஆனா அப்போ அவளுக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் நான் படி தாண்டலை. அம்மா இருக்கற வீட்டை யாராவது பூட்டுவாங்களா?"

"இதை நேத்து கோர்ட்ல சொல்லலையா?"

"கவிப்பிரியாப் பொண்ணு சொல்லுச்சு. அந்தப் பக்கத்து வக்கீலு 'டாக்டர் சர்டிபிகேட் இருக்கா'ன்னு கேட்டுச் சிரிச்சாரு. அம்மா வந்துட்டுப் போனதுக்கு எந்த ஆபீஸ்ல சர்டிபிகேட் தர்றாங்க?"

சௌம்யா எழுந்தாள். தெருவைக் கடந்தாள். எதிர் வரிசைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தவள், அஞ்சலை வீட்டுக்கு நேர் எதிரே பூட்டிக் கிடந்த வீட்டின் முன் நின்றாள்.

எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. காகிதத்தோடு உரிந்து வந்ததுபோல வெள்ளை பெயின்ட் பெயர்ந்து, அடியில் எண்ணின் ஒரு கால் மட்டும் மிச்சம். சுற்றிலும் சதுரமாகக் காய்ந்த கோந்து.

"புட்ச்சாச்சு!" என்று குதித்தான் தேவா. "கேஸ் முடிஞ்சுது. கோந்தைக் கொண்டு போய் ஜட்ஜ் கையில குடு."

"கோந்துல பேரா எழுதியிருக்கு? பல் டாக்டர் நோட்டீஸ் ஒட்டினதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க." சௌம்யா திரும்பினாள். "இந்த வீட்ல யாரு அஞ்சலையம்மா?"

"இப்ப யாரும் இல்ல. பிரசன்னான்னு ஒரு பையன், பொண்டாட்டி புள்ளையோட இருந்தான். அதுக்கு முந்தின மழைக்காலத்துலயே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிக்கல. அவமானமா என்னமோ."

சௌம்யா கவிப்பிரியாவுக்குப் போன் போட்டாள். "கவி, கோர்ட் வெப்சைட்ல ஒரு வேலை. வாதி பேரு ஹேமநாதன்னு போட்டுத் தேடு. எத்தனை வழக்கு வருதோ அத்தனையும் பாரு. அப்புறம், அவங்க இன்னைக்குக் காலையில ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணியிருக்கறதா சொன்னியே, அதை எனக்கு அனுப்பு."

அது வந்து விழுந்ததும் பெயரைப் படித்தாள். "கஜபதி. கரையான்சாவடி."

"யாரு அது?"

"கோர்ட் ஊழியருக்கு ஊர்ல இருக்கற எல்லா வீடும் தெரியாது. வாதி தரப்பு ஆள் ஒருத்தர் கூட வந்து 'இதுதான் அந்த வீடு'ன்னு காட்டணும். காட்டினவர் பேரும் ரிப்போர்ட்ல இருக்கும். அன்னைக்கு வீட்டைக் காட்டினவர் இந்தக் கஜபதி. பகல்ல பூட்டிக் கிடக்கும்னு நம்பி வந்திருக்கார். வந்தா வீடு திறந்திருக்கு, வாசல்ல வேப்பிலை தொங்குது."

"அப்ப அவன் பார்த்துருக்கான்."

"அதான். அம்மைக்கு நம்மகிட்ட சர்டிபிகேட் இல்ல தேவா. ஆனா சாட்சி இருக்கு. என்ன, எதிராளி பாக்கெட்ல இருக்கு. வண்டியை எடு."

*

ஆடி மாதம். கரையான்சாவடி மெயின் ரோட்டில் பேனருக்குப் பேனர் அம்மன் சிரித்தாள். 'கஜபதி சவுண்ட் சர்வீஸ்' வாசலில் கூம்பு ஸ்பீக்கர்கள் நான்கு ரோட்டைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றன. உள்ளே சீரியல் லைட் சுருள்கள், ஆள் உயரப் பெட்டிகள்.

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஹலோ..."

கடைக்காரர் மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நெற்றியில் கால்வாசி இடத்துக்குக் குங்குமம். அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய போட்டோ. தீக்குழியில் அவர் கரகத்தோடு நடந்துகொண்டிருந்தார்.

சௌம்யா அந்தப் போட்டோவைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

"இன்னா ஃபங்ஷன்? கூழ் ஊத்தறீங்களா, காது குத்தா?" மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார் கஜபதி.

"கோர்ட் ஃபங்ஷன் அண்ணாத்தே," என்றான் தேவா. "மத்யானம் கீது. நீதான் சீஃப் கெஸ்டு."

கஜபதியின் முகம் மூடிக்கொண்டது. "ஓ, அந்தம்மா ஆளுங்களா? நான் சொல்ல வேண்டியதெல்லாம் பத்திரத்துல சொல்லிட்டேன். ஹேமநாதன் சார் வக்கீல் கிட்ட கேளு. நகரு, யாவாரம் ஆவட்டும்."

"பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?" என்றாள் சௌம்யா.

"கையெழுத்துப் போடறது நம்ம வேல. படிக்கறது வக்கீல் வேல."

"அது சாதாரணப் பத்திரம் இல்லீங்க. பிரமாணப் பத்திரம். கோர்ட்ல கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணி உங்க வாயால சொன்னா என்னவோ அதேதான். நீங்க என்ன சத்தியம் பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியலைன்னா எப்படி? படிக்கட்டுமா?"

"படியேன். எனக்கு இன்னா பயம்?"

சௌம்யா போனைப் பார்த்து நிதானமாகப் படித்தாள். "'நான் மேற்படி பிரதிவாதியின் வீட்டு வாசற்படி ஏறிச் சென்று, கதவைப் பலமுறை என் கையால் தட்டியும், பிரதிவாதியின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டும்...'"

கஜபதி வேட்டியை ஒருமுறை அவிழ்த்துக் கட்டினார். "ம்."

"அன்னைக்கு அந்த வீட்ல அம்மை."

தேவா மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண் மின்னியது.

"அண்ணாத்தே, நீ தீ மிதிக்கறவரா?"

"வருசா வருசம். பத்தொம்போது வருசமா. ஏன்?"

"சும்மா கேட்டேன். வேப்பிலை கட்டின ஊட்டு வாசப்படி ஏறிக்கீறியே, அதான். அம்மா உள்ள பட்த்துனுகீறா, நீ வெளிய நின்னு டமால் டமால்னு கதவைத் தட்டிக்கீறே. பேரை வேற சொல்லிக் கத்திக்கீறே."

"டேய்!"

"அன்னிக்கு மத்யானம் இன்னா துன்னுட்டுப் போனே? சாம்பார் சாதமா?"

"டேய், வாயைக் கழுவு!"

"நான் சொல்லல அண்ணாத்தே. நீதான் சொல்லிக்கீறே. சத்தியம் பண்ணி, கையெழுத்து போட்டு. இந்த வருசம் எந்த மூஞ்சை வெச்சுகினு குழியில எறங்குவே?"

கஜபதி மேஜையை ஓங்கிக் குத்தினார். "நான் ஏன்டா அந்தப் படி ஏறப் போறேன்! பிரியாணி துன்னுட்டு வந்தவன் அம்மா கீற ஊட்டு வாசலுக்குப் போவானா? வேப்பிலையைப் பார்த்ததுமே நட்டுனு ரோட்லயே நின்னுட்டேன்! கன்னத்துல போட்டுகினு அப்பிடியே எதிர் ஊட்டுப் பக்கம் திரும்பிட்டேன்! அந்தம்மா கதவை நான் தொடவே இல்லடா!"

'தொடவே இல்லடா... இல்லடா...' என்று ரோடு எதிரொலித்தது.

நான்கு கூம்பு ஸ்பீக்கர்களும் சேர்ந்து சொல்லியிருந்தன. எதிர் டீக்கடையில் கிளாஸ் பாதியில் நின்றது. பூக்கட்டும் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒருவர் காதிலிருந்து போனை எடுத்துவிட்டார்.

கஜபதி மேஜைமேல் கிடந்த மைக்கைப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு அவரைப் பார்த்தது.

"அண்ணாத்தே, நல்ல சவுண்டு," என்றான் தேவா. "கோயில் கமிட்டிக்கே கேட்டுருக்கும்."

கஜபதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கோபம் இப்போது இவர்கள்மேல் இல்லை. "நான் படி ஏறினேன்னு அந்த ஹேமநாதன் என் பேர்ல எழுதிட்டானா? நெசமாவா எழுதிக்கீது?"

சௌம்யா போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'வாசற்படி ஏறி' என்ற இடத்தில் விரல் நின்றது. இன்னொரு முறை படித்தார்.

"அன்னைக்குக் கூட வந்த அமீனாவுக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டாள் சௌம்யா.

"அந்த ஆளு மேல தப்பு சொல்லாதே. அவருக்கு ஆவடி ஃபுல்லா சுத்தி இன்னும் ஒரு பை நெறைய பேப்பர் குடுக்கணும். 'எது வீடு?'ன்னாரு. நான் எதிர் கதவுல நம்பர் தெரியாம சாய்ஞ்சு நின்னுகினு 'இதான் சார்'னேன். பேப்பரை நானே வாங்கி நானே ஒட்டினேன்."

"நம்பர் மேல?"

"நம்பர் மேல." அவர் எழுந்து ஆணியிலிருந்த சட்டையை எடுத்தார். "கோர்ட்டு எத்தினி மணிக்கு?"

"அதான் ரோடே கேட்டுச்சே நைனா, நீ வந்து வேற சொல்லணுமா?"

"ரோட்ல சொன்னது உனுக்கு. அங்க எழுதி வெச்சது அம்மா கணக்குல கீது. அதை அழிக்கணும். இன்னொண்ணும் கீது. அதை அங்க வந்து சொல்றேன்."

*

கோர்ட் ஹாலில் ஃபேன் சுற்றியது. காற்று வரவில்லை. முன் வரிசையில் ஹேமநாதன் வெள்ளைச் சட்டையில் கசங்காமல் உட்கார்ந்திருந்தார். கஜபதி உள்ளே வருவதைப் பார்த்ததும் சட்டையில் முதல் கசங்கல் விழுந்தது.

"ஆட்சேபிக்கிறேன்," என்றார் அவருடைய வக்கீல். "உத்தரவு போடும் நேரத்தில் புதுச் சாட்சியா?"

"புதுச் சாட்சி இல்லை, மை லார்ட்," என்றாள் கவிப்பிரியா. குரல் சின்னது. ஆனால் நடுங்கவில்லை. "எதிர்த்தரப்பே இன்று காலை தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின் சொந்தக்காரர். அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எனக்கு உண்டு."

"குறுக்கு விசாரணைன்னா இன்னா, மேடம்?" என்று சௌம்யாவின் காதில் கிசுகிசுத்தான் தேவா.

"ஒரு தரப்பு சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்கறது. கூட்டிட்டு வந்தவன் சொல்லிக் குடுத்ததைக் கழற்றிப் பார்க்கறதுக்குத்தான்."

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டு அனுமதித்தார். கஜபதி கூண்டில் ஏறினார். சத்தியம் செய்யும்போது வாசகத்தை ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கவிப்பிரியா கேட்டாள். அவர் சொன்னார். வேப்பிலை, பிரியாணி, எதிர்க் கதவு, சாய்ந்து நின்றது, ஒட்டியது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

ஹேமநாதனின் வக்கீல் துள்ளி எழுந்தார். "கட்சி மாறிப் பேசுகிறார், மை லார்ட். அப்படியே எதிர் வீட்டில் ஒட்டியதாக வைத்துக்கொண்டாலும், அது இந்தச் சாட்சியின் தனிப்பட்ட தவறு. என் கட்சிக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது."

"தெரியாதா?" என்றார் கஜபதி. கேள்வி கேட்கப்படாமலே.

"சாட்சி, கேட்டதற்கு மட்டும் பதில்..." என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"அவர் சொல்லட்டும்," என்றார் நீதிபதி.

"அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டேன் சாமி. 'அம்மை போட்டுக்கீது சார், எதிர் ஊட்ல ஒட்டிட்டேன், தப்பாயிடுமா'ன்னு கேட்டேன். சிரிச்சாரு. 'இன்னா தப்பு, அதுவும் நம்ம ஊடுதான்'னாரு. அடுத்த நாளே ஆள் வெச்சு பேப்பரைப் பிச்சு எடுத்துட்டாரு."

"நம்ம வீடா?" நீதிபதி பேனாவை வைத்தார்.

கவிப்பிரியா அந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருந்தாள். ஒரு காகிதத்தை நீட்டினாள். "அந்த எதிர் வீட்டில் குடியிருந்த அதன் சொந்தக்காரர் பிரசன்னா. அவர்மேலும் இதே ஹேமநாதன் இதேபோல ஓர் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட்டிருக்கிறார். அதிலும் சம்மன் கதவில் ஒட்டப்பட்டதாக ரிப்போர்ட். அதிலும் பிரதிவாதி வரவில்லை. அதிலும் எக்ஸ்பார்ட்டி. அந்த வீட்டின் சுவாதீனம் இவர் கைக்கு வந்த பிறகுதான் என் கட்சிக்காரர்மேல் வழக்குப் போட்டார். எங்கள் சம்மன் ஒட்டப்பட்ட நாளில் அந்தக் கதவில் தொங்கியது இவருடைய பூட்டு. சுருக்கமாகச் சொன்னால், மை லார்ட், பிரதிவாதிக்குப் போக வேண்டிய சம்மனை வாதி தன் வீட்டுக் கதவில் தானே ஒட்ட வைத்திருக்கிறார்."

"அடப்பாவி," என்றாள் அஞ்சலை. கோர்ட்டில் பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

ஹேமநாதன் போன் வந்ததுபோல எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். வாசலில் தேவா நின்றிருந்தான்.

"உக்காருங்க சார்," என்றான் மிகுந்த பணிவோடு. "நீங்க பாட்டுக்குப் போயிட்டா எக்ஸ்பார்ட்டி ஆயிடும்."

உத்தரவு நீளமாக இல்லை. சம்மன் பிரதிவாதிக்குச் சேரவில்லை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ரத்து. அமீனாவுக்குக் கொடுத்த உத்தரவு திரும்பப் பெறப்படுகிறது. வழக்கு முதலிலிருந்து விசாரிக்கப்படும். பொய்ப் பிரமாணப் பத்திரம் தாக்கலானது பற்றித் தனியாக நடவடிக்கை.

*

வெளியே வேப்பமரத்தடியில் தேவா கஜபதிக்கு டீ வாங்கிக் கொடுத்தான். "ஜெயிச்சாச்சுல்ல மேடம்?"

"இல்ல," என்றாள் சௌம்யா. "கப்பைத் திரும்ப வாங்கி நடு கிரவுண்டுல வெச்சிருக்காங்க. இனிமேதான் மேட்ச்சே. எதிர்வாதவுரை, அதான் நம்ம பதிலை எழுத்துல, தாக்கல் பண்ணணும். சாட்சி, விசாரணை, கையெழுத்து நிபுணர், வாய்தா மேல வாய்தா..."

"வருசக் கணக்கா ஆகும்," என்று ஒரு குரல் அவள் பேச்சை முடித்து வைத்தது.

ஹேமநாதன். பின்னால் வக்கீல் இல்லை. முகத்தில் புதிதாக ஒரு தம்பி வந்து உட்கார்ந்திருந்தான். நேராக அஞ்சலையிடம் போனார்.

"அக்கா, நடந்தது நடந்துபோச்சு. நமக்குள்ள எதுக்குக் கோர்ட்டு? சமரசமாப் போயிடலாம். நீங்க அந்த வீட்லயே இருங்க, சாகுற வரைக்கும் இருங்க. உங்களுக்கு அப்புறம் எனக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆவடியிலேர்ந்து இந்த வயசுல அலைய முடியுமா? வேலைக்கு லீவு, வக்கீல் ஃபீஸு, பஸ்சு, வெயிலு... ரெண்டு வருசம் வந்தீங்கன்னா தானா ஓஞ்சு போயிடுவீங்க."

கவிப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சௌம்யா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அஞ்சலை அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அளவெடுக்கும் பார்வை. பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"பிரசன்னாவும் இப்படித்தான் ஓஞ்சு போனானா? அவன் மாமியார் வீட்டு நம்பர் எங்கிட்ட இருக்கு. இன்னைக்கே பேசறேன். அடுத்த வாய்தாவுக்கு நான் தனியா வரமாட்டேன், பார்த்துக்கோ."

"அக்கா, நான் சொல்றதை..."

"யாருடா அக்கா? நான் பிரதிவாதி. அப்படிக் கூப்பிடு." அவள் குரல் உயர்ந்தது. டீக்கடையில் நின்ற வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ கூண்டுல ஏறணும். என் கையெழுத்துன்னு நீ காட்டுற அந்தக் கிறுக்கலை இந்தப் பொண்ணு உங்கிட்ட ஒவ்வொரு எழுத்தாக் கேக்கணும். அதை நான் முன்னாடி உக்காந்து பார்க்கணும். அது எத்தனை வாய்தா ஆனாலும் சரி."

"செலவு..."

"என்னடா செலவு?" அஞ்சலை ரோட்டைப் பார்த்தாள். ஆவடி டவுன் பஸ் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி அதை நிறுத்தினாள். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டே கெடையாதுடா. தெனமும் வருவேன்."